இரண்டு பக்கத்துக்கு நடுவே என்ன நடந்தது?

குழந்தைகளே, தோட்டம் போடுவதைப் பற்றிய படப் புத்தகம் ஏதாவது உங்கள் பள்ளி நூலகத்தில் இருக்கிறதா? இருந்தால் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் யாரோ விதை போடுகிறார்கள். அடுத்த பக்கத்தில் செடி நிற்கிறது. அதற்கடுத்த பக்கத்தில் கூடை நிறையக் காய். பக்கத்தைத் திருப்ப நமக்கு ஒரு நொடி போதும். செடிக்கு? சில சமயம் ஒரு வாரம், சில சமயம் மூன்று மாதம், சில சமயம் இரண்டு வருஷம்கூட ஆகும்.

ஓவியரால் அந்த நாட்களை எல்லாம் வரைய முடியாது. வரைந்தால் புத்தகத்தை உங்களால் தூக்கவே முடியாது! அதனால் முக்கியமான காட்சிகளை மட்டும் வரைந்துவிட்டு மற்றதை நம்மிடம் விட்டுவிடுகிறார். அப்படி விடுபட்ட நாட்களில்தான் அறிவியல் நடக்கிறது. பெரும்பாலும் மண்ணுக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் நடக்கிறது.

பல நாட்டுக் குழந்தைகள் விரும்பிப் படிக்கும் நான்கு ஆங்கிலக் கதைகளை இன்று எடுத்துக்கொள்வோம். கதையில் எது உண்மை, எது கற்பனை, இரண்டு பக்கத்துக்கு நடுவே என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அண்ணன் சொன்னது சரியா?

முதல் புத்தகம் 'தி கேரட் சீட்'. 1945-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. எழுதியவர் ரூத் க்ராஸ், படம் வரைந்தவர் அவருடைய கணவர் க்ராக்கெட் ஜான்சன். மொத்தக் கதையும் ஏறத்தாழ நூறு சொற்கள்தான்.

ஒரு சிறுவன் ஒரு கேரட் விதையை ஊன்றுகிறான். அது முளைக்காமல் போய்விடுமோ என்று அம்மா கவலைப்படுகிறார். அப்பாவும் அதையே சொல்கிறார். அண்ணனோ, முளைக்கவே முளைக்காது என்று அடித்துச் சொல்லிவிடுகிறான். சிறுவன் யாரிடமும் வாதாடவில்லை. தினமும் களை பிடுங்குகிறான், தண்ணீர் தெளிக்கிறான். நாட்கள் போகின்றன, ஒன்றையும் காணோம். கடைசியில் ஒருநாள் கேரட் வருகிறது! தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் அளவுக்குப் பெரிய கேரட்.

வீட்டில் இருந்தவர்களின் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. கேரட் விதை உண்மையிலேயே மெதுவாகத்தான் முளைக்கும். பாசிப்பயறை இரவில் ஊறவைத்து ஈரத்துணியில் கட்டிவைத்தால் அடுத்த நாளே வெள்ளை முளை எட்டிப் பார்க்கிறது, இல்லையா? அந்தப் பயறுக்குள் குட்டிச் செடி ஏற்கெனவே முழுசாக வளர்ந்து தயாராக இருக்கிறது. தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதுதான் பாக்கி. கேரட் விதையில் அப்படி இல்லை. அதற்குள் இருக்கும் கரு மிகச் சிறியது. நீரை உறிஞ்சிய பிறகு, முதலில் விதைக்கு உள்ளேயே அது வளர வேண்டும். போதுமான அளவு வளர்ந்த பிறகுதான் வேரை வெளியே நீட்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்கும்.

மண்ணின் வெப்பமும் முக்கியம். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் கேரட் ஒரு வாரத்தில் முளைத்துவிடும். 10 டிகிரியாக இருந்தால் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். 5 டிகிரி குளிரில் ஏழு வாரம்வரை இழுத்தடிக்கும். அந்தச் சிறுவன் குளிர் விலகாத இளவேனில் தொடக்கத்தில் விதைத்திருந்தால், அண்ணன் பொறுமை இழந்ததில் வியப்பில்லை.

கேரட் விதையைப் பார்த்ததில்லையா? சமையலறை அஞ்சறைப்பெட்டியைத் திறந்து சீரகத்தையும் சோம்பையும் பாருங்கள். இந்த இரண்டும், கொத்தமல்லியும், கேரட்டும் ஒரே குடும்பம். சீரகத்தை உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்தால் மேலே நீளவாக்கில் கோடுகள் தெரியும். கேரட் விதையிலும் அதே கோடுகள் உண்டு. கொத்தமல்லி விதைக்கும்போது தனியாவை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுவார்கள், கவனித்திருக்கிறீர்களா? முழுத் தனியா என்பது ஒரு காய்ந்த பழம். அதில் பாதிக்கு ஒரு விதை. கேரட்டிலும் அப்படித்தான். நாம் கேரட் விதை என்று வாங்குவது காய்ந்த பழத்தின் ஒரு பாதியைத்தான்.

சரி, சிறுவன் தினமும் செய்த இரண்டு வேலைகளும் அறிவியல்படி சரியா? ரொம்பச் சரி. கேரட் விதை மிகச் சிறியது என்பதால் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில்தான் போட வேண்டும். அந்த மேல்மண் சீக்கிரம் காய்ந்து இறுகிவிடும். இறுகினால் மெல்லிய முளையால் அதைத் துளைக்க முடியாது. ஆகவே தண்ணீரைக் கொட்டாமல் தெளிக்க வேண்டும், தினமும் தெளிக்க வேண்டும். களை பிடுங்கியதும் அப்படியே. கேரட் நாற்று முதலில் இரண்டே இரண்டு மெல்லிய இலைகளோடு எழும். பார்த்தால் புல் முளைத்திருக்கிறது என்றே நினைப்போம். பிறகுதான் கொத்தமல்லி இலையைவிட நுணுக்கமாகக் கிழிந்த இலைகள் வரும். அதற்குள் பக்கத்தில் களை வளர்ந்துவிட்டால் வெயிலையும் நீரையும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

புத்தகத்தில் வராத இன்னொரு காட்சி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. வேர் முதலில் பருக்காது. நேராக ஆழத்துக்கு இறங்கும். வழியில் கல் இருந்தால் இரண்டாகக் கிளைத்துக் கால் முளைத்த கேரட் ஆகிவிடும். இறங்கி முடித்த பிறகுதான் பருக்கத் தொடங்கும். அப்போதும் நிறம் உடனே வராது. இளம் வேர் வெளிறிப்போய்த்தான் இருக்கும். நாளாக ஆக பீட்டா கரோட்டின் என்ற நிறமி சேர்ந்து ஆரஞ்சு நிறம் ஏறும். நாம் கேரட்டைத் தின்றால் நம் உடல் அந்த நிறமியிலிருந்துதான் வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்கிறது.

கடைசிப் பக்கத்தில் வந்த ராட்சதக் கேரட் வெறும் கற்பனையா? சின்ன மிகைதான், முழுப் பொய் இல்லை. 2017-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் விளைந்த ஒரு கேரட் 10.17 கிலோ இருந்தது. அதற்கும் தள்ளுவண்டி தேவைப்பட்டிருக்கும்!

தேரை ஏற்றிய மெழுகுவத்தி

இரண்டாவது கதை ஆர்னால்ட் லோபெல் எழுதி வரைந்த 'ஃப்ராக் அண்ட் டோட் டுகெதர்' என்ற புத்தகத்தில் வருகிறது. வெளிவந்த ஆண்டு 1972. தவளையும் தேரையும் நண்பர்கள். தவளையின் தோட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்ட தேரை, தவளையிடமே பூ விதைகளை வாங்கி வந்து தன் வீட்டில் விதைக்கிறது. விதைத்த கையோடு, இன்னும் முளைக்கவில்லையா என்று மண்ணைப் பார்த்துக் கத்துகிறது. கத்தினால் விதைகள் பயந்துவிடும், வெயிலும் மழையும் படும்படி கொஞ்ச நாள் விட்டுவை என்கிறது தவளை. தேரைக்குப் பொறுக்குமா? இரவாகிவிட்டது, விதைகள் இருட்டைக் கண்டு பயப்படுகின்றன போலிருக்கிறது என்று மெழுகுவத்திகளை ஏற்றிக்கொண்டு போய் மண்ணுக்குக் கதை படித்துக் காட்டுகிறது! அடுத்தடுத்த நாட்களில் பாட்டுப் பாடுகிறது, கவிதை வாசிக்கிறது, இசைக்கருவி வாசிக்கிறது. களைத்துப்போய்த் தூங்கிவிடுகிறது. விழித்துப் பார்த்தால் முளை வந்திருக்கிறது.

தேரை தூங்கிய நேரத்தில் விதைக்குள் ஓயாத வேலை நடந்தது. முதலில் விதை நீரை உறிஞ்சி உப்புகிறது. நீர் பட்டதும் நொதிகள் என்னும் வேதிப்பொருள்கள் விழித்துக்கொள்கின்றன. விதையில் சேமித்திருக்கும் மாவுச்சத்தை அவை சர்க்கரையாக உடைக்கின்றன. கரு அந்தச் சர்க்கரையைப் பயன்படுத்தி, காற்றில் உள்ள ஆக்சிஜனையும் எடுத்துக்கொண்டு, சக்தி பெறுகிறது. ஆமாம், விதையும் சுவாசிக்கிறது. தொட்டியில் தண்ணீரைத் தேங்கவிட்டால் விதை அழுகிப்போவது இதனால்தான். மண்ணின் இடைவெளிகளில் நீர் நிரம்பிவிட்டால் காற்றுக்கு ஏது இடம்? சக்தி கிடைத்ததும் முதலில் வெளியே வருவது வேர். செடிக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர் வேண்டும். அதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் தண்டு மேலே கிளம்பும்.

அந்த மெழுகுவத்தியைப் பார்த்துச் சிரித்தீர்களா? சிரிக்கலாம். ஆனால் விதைக்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தம் உண்டா என்ற கேள்வி மிக நல்ல கேள்வி. பெரிய விஞ்ஞானிகளே அதைக் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் பெல்ட்ஸ்வில் என்ற இடத்தில் அரசு வேளாண் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே ஹாரி போர்த்விக், ஸ்டெர்லிங் ஹெண்ட்ரிக்ஸ் ஆகியோரின் குழு லெட்யூஸ் கீரை விதைகளை ஈரமாக்கி இருட்டில் வைத்தது. பெரும்பாலான விதைகள் முளைக்கவில்லை. சிவப்பு ஒளியைக் கொஞ்ச நேரம் காட்டியதும் முளைத்தன. சிவப்பைக் காட்டிவிட்டு, அதைத் தாண்டிய, நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத தொலைசிவப்பு ஒளியைக் காட்டினால் மறுபடி முளைக்க மறுத்தன. இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்தார்கள். கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதற்குத்தான் விதை கட்டுப்பட்டது. 1952-இல் இதை வெளியிட்டார்கள். விதைக்குள் ஒளியை உணரும் ஒரு நிறமி இருப்பது இப்படித்தான் தெரியவந்தது. பின்னாளில் அதற்கு பைட்டோகுரோம் என்று பெயர் வைத்தார்கள்.

லெட்யூஸ் விதைக்கு இதனால் என்ன லாபம்? ஒரு பெரிய செடியின் நிழலில் அந்த விதை விழுந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் பச்சை இலைகள் வெயிலில் உள்ள சிவப்பு ஒளியைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. தொலைசிவப்பு மட்டும் இலைகளைக் கடந்து கீழே வருகிறது. அது பட்டதும் விதைக்குத் தகவல் போய்விடுகிறது: தலைக்கு மேலே வேறு செடி இருக்கிறது, இப்போது முளைத்தால் பிழைக்க முடியாது. ஆகவே காத்திருக்கிறது. நிழல் விலகிச் சிவப்பு ஒளி பட்டால் முளைக்கிறது.

எல்லா விதைகளுக்கும் வெளிச்சம் தேவையில்லை. அவரை, மொச்சை, தட்டைப்பயறு எல்லாம் இருட்டிலும் நன்றாக முளைக்கும். விதை என்பது கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்படும் பயணி. மொச்சையிடம் பெரிய மூட்டை இருக்கிறது. ஆழத்திலிருந்து மேலே வரும்வரை சாப்பிட அது போதும். லெட்யூஸ் விதையிடம் இருப்பதோ ஒரு வாய்ச் சோறு. மேலே வருவதற்குள் தீர்ந்துபோனால் கதை முடிந்தது. அதனால்தான் தோட்டக்காரர்கள் விதையின் கனத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்துக்கு மேல் ஊன்றுவதில்லை. கீரை விதையைத் தூவி, மணலைக் கொஞ்சம் மேலே தூவிவிட்டு நிறுத்திக்கொள்வதற்கும் இதுவே காரணம்.

மேலே போனால் சூடா, குளிரா?

ஓட்டை போட்ட பக்கங்களோடு வந்த, பசியெடுத்த கம்பளிப்புழுவின் புத்தகத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதை உருவாக்கிய எரிக் கார்ல் 1970-இல் 'தி டைனி சீட்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். வர்ணம் பூசிய மெல்லிய காகிதங்களை வெட்டி ஒட்டிப் படம் செய்வது அவர் வழக்கம்.

இலையுதிர்காலக் காற்று பூ விதைகளை அள்ளிக்கொண்டு போகிறது. அவற்றில் ஒன்று எல்லாவற்றையும்விடச் சின்ன விதை. ஒரு விதை மிக உயரே பறந்து வெயிலில் எரிந்துபோகிறது. ஒன்று பனிமலையில் விழுகிறது, ஒன்று கடலில் மூழ்குகிறது, ஒன்று பாலைவனத்தில் விழுகிறது. தரைக்கு வந்ததிலும் சிலவற்றைப் பறவையும் எலியும் தின்றுவிடுகின்றன. கடைசியில் சின்ன விதை மட்டும் தப்பிப் பிழைத்து வீட்டைவிட உயரமான பூவாக வளர்கிறது. மறுபடி காற்று வந்து அதன் விதைகளை அள்ளிப் போகிறது.

இதில் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது. பெரும்பாலான விதைகள் செடி ஆவதில்லை. செடிகள் அள்ளி அள்ளி விதை தருவது இதனால்தான். தண்டுக்கீரையின் உறவுக்காரச் செடிகளில் சில, ஒரே செடியில் ஒரு லட்சத்துக்கு மேல் விதை தரக்கூடியவை. அவை எல்லாமே முளைத்து வளர்ந்தால் நம் தெருவில் நடக்க இடம் இருக்காது. காற்றில் பறப்பதும் உண்மை. எருக்கங்காய் வெடிக்கும் காலத்தில் வெளியே போய்ப் பாருங்கள். ஒவ்வொரு விதையும் வெள்ளைப் பஞ்சிழைகளோடு மிதந்து போகும்.

ஆனால் உயரே பறந்த விதை வெயிலில் எரிந்ததாகச் சொல்வது? அது கதை. நிஜத்தில் மேலே போகப் போகச் சூடு குறையும். சூரியன் முதலில் தரையைச் சூடாக்குகிறது, தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. மேலே எழும் காற்று விரிந்து குளிர்ந்துவிடுகிறது. சராசரியாக ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைகிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணக்குப் போடுங்கள்: கீழே இருப்பதைவிடச் சுமார் 14.5 டிகிரி குறைவு. குளிரை விரும்பும் கேரட் நீலகிரியில் செழித்து விளைவதற்கும், சந்தையில் ஊட்டி கேரட் என்று கேட்டு வாங்குவதற்கும் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

பனிமலையில் விழுந்த விதை கதையில் முளைக்கவில்லை. முளைக்க முடியாதுதான். செத்துப்போயிருக்குமா என்றால், அது வேறு கேள்வி. நன்றாகக் காய்ந்த விதை கடுங்குளிரில் நீண்ட காலம் உயிரோடு இருக்கும். நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவுகளில், ஒரு மலையைக் குடைந்து உலக விதைப் பெட்டகம் கட்டியிருக்கிறார்கள். 2008-இல் அதைத் திறந்தார்கள். அங்கே மைனஸ் 18 டிகிரி குளிரில் பத்து லட்சத்துக்கும் அதிகமான விதை மாதிரிகள் இருக்கின்றன. எங்காவது போராலோ வெள்ளத்தாலோ ஒரு பயிரின் விதை அழிந்துபோனால், அங்கிருந்து எடுத்து மறுபடி பயிராக்கலாம்.

கரடி எதைக் கேட்டிருக்க வேண்டும்?

நான்காவது புத்தகம் ஜேனட் ஸ்டீவன்ஸ் 1995-இல் வெளியிட்ட 'டாப்ஸ் அண்ட் பாட்டம்ஸ்'. இந்தப் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து, மேல் பக்கம், கீழ்ப் பக்கம் என்று படிக்க வேண்டும். ஏன் என்று கதையைக் கேட்டால் புரிந்துவிடும்.

நிலம் நிறைய வைத்திருக்கும் கரடி எப்போதும் தூங்குகிறது. நிலமில்லாத முயல் அதனிடம் வந்து, நான் உழைக்கிறேன், விளைச்சலில் ஆளுக்குப் பாதி, உனக்கு மேல்பாதி வேண்டுமா, கீழ்ப்பாதி வேண்டுமா என்று கேட்கிறது. மேல்பாதி என்கிறது கரடி. முயல் கேரட், முள்ளங்கி, பீட்ரூட் போடுகிறது. கரடிக்குக் கிடைத்தது தழை! அடுத்த முறை கீழ்ப்பாதி வேண்டும் என்கிறது கரடி. முயல் லெட்யூஸ், ப்ரோக்கோலி, செலரி போடுகிறது. கரடிக்குக் கிடைத்தது வேர்! கோபம் வந்த கரடி, இந்தத் தடவை மேலேயும் எனக்கு, கீழேயும் எனக்கு என்கிறது. முயல் மக்காச்சோளம் போடுகிறது. உச்சியும் வேரும் கரடிக்கு, நடுவில் இருந்த கதிர்கள் முயலுக்கு.

முயலுக்குத் தெரிந்தது மந்திரம் ஒன்றும் இல்லை. எந்தச் செடி எந்த உறுப்பில் உணவைச் சேமிக்கிறது என்று அதற்குத் தெரியும். கேரட் செடி இரண்டு வருஷம் வாழ்வது. முதல் வருஷம் சம்பாதித்ததை வேரில் சேர்த்து வைக்கும். குளிர்காலம் போனதும், அடுத்த வருஷம், அந்தச் சேமிப்பை எடுத்து உயரமான தண்டு விட்டுக் குடை குடையாக வெள்ளைப் பூ பூக்கும், விதை தரும். நாம் முதல் வருஷமே பிடுங்கித் தின்றுவிடுகிறோம். முதல் கதையில் வந்த சிறுவனின் கையில் விதை இருந்தது என்றால், யாரோ சில கேரட்டுகளைப் பிடுங்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள். லெட்யூஸில் நாம் தின்பது இலை, செலரியில் இலைக்காம்பு, ப்ரோக்கோலியில் விரியாத பூ மொட்டுகள். பறிக்காமல் விட்டால் ப்ரோக்கோலி மஞ்சள் பூவாகப் பூத்துவிடும்.

மக்காச்சோளம்தான் இவற்றில் அதிசயம். அதன் உச்சியில் இருப்பது ஆண் பூக்களின் கொத்து. காற்றடித்தால் அதிலிருந்து மகரந்தம் பொடியாகக் கொட்டும். நடுவில், இலை தண்டோடு சேரும் இடத்தில் பெண் பூக்கள். அவைதான் கதிராகின்றன. கதிரின் நுனியில் தொங்கும் இழைகளை, வண்டியில் சோளக்கதிர் விற்பவர் உரித்து எறிவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை எறிவதற்கு முன்னால் ஒரு கதிரைக் கேட்டு வாங்குங்கள். மடலை மெதுவாகப் பிரித்து ஓர் இழையை மட்டும் பின்தொடர்ந்து போங்கள். அது ஒரே ஒரு மணியில் போய் முடியும். ஒவ்வொரு மணிக்கும் தனித்தனி இழை! ஒரு துளி மகரந்தம் இழையின் மேல் விழுந்து, உள்ளே ஒரு மெல்லிய குழாயை இறக்கி, அடிவரை போய்ச் சேர்ந்தால்தான் அந்த மணி உருவாகும். கதிரில் ஆங்காங்கே மணியில்லாமல் பொக்கையாக இருந்தால், அந்த இடத்து இழைக்கு மகரந்தம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். கையோடு மணி வரிசைகளையும் எண்ணுங்கள். அநேகமாக 12, 14, 16 என்று இரட்டைப்படையாகவே வரும். பெண் பூக்கள் ஜோடி ஜோடியாக அமைவதால் இப்படி.

இப்போது கரடிக்கு நாம் ஒரு புதிர் போடுவோம். முயல் நிலக்கடலை போட்டிருந்தால் கரடி எதைக் கேட்டிருக்க வேண்டும்? கீழ்ப்பாதி என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். சரிதான். ஆனால் கடலை வேரில் காய்க்கவில்லை! அதன் மஞ்சள் பூ தரைக்கு மேலே, செடியின் அடிப்பகுதியில் பூக்கிறது. மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் பூ வாடிவிட, அந்த இடத்திலிருந்து ஒரு விழுது கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுக்குள் நுழைகிறது. அதன் நுனிதான் இருட்டில் காயாகிறது. விழுது இறங்கும் பருவத்தில் விவசாயிகள் ஜிப்சம் போட்டு மண் அணைப்பது இதற்காகத்தான். மண் பொலபொலவென்று இருந்தால்தான் விழுது எளிதாக இறங்கும். ஜிப்சத்தில் உள்ள கால்சியத்தைக் காய் நேரடியாக மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

உருளைக்கிழங்கும் வேர் இல்லை, தண்டு. அதன் மேலுள்ள குழிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு மொட்டு. இஞ்சியும் மஞ்சளும் தண்டுதான். சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேர். வெங்காயம் இலைகளின் அடிப்பகுதி. இன்று மதியம் தட்டில் என்ன காய் இருந்தாலும், இது செடியின் எந்த உறுப்பு என்று வீட்டில் எல்லோரையும் கேளுங்கள்.

உங்கள் புத்தகத்தை நீங்களே வரையுங்கள்

இனி உங்கள் முறை. ஒரு கண்ணாடி டம்ளர், கொஞ்சம் காகிதம், நாலைந்து தட்டைப்பயறு போதும். காகிதத்தைச் சுருட்டி டம்ளரின் உள்சுவரில் ஒட்டியபடி வையுங்கள். நடுவில் இன்னும் கொஞ்சம் காகிதத்தைக் கசக்கித் திணியுங்கள். எட்டு மணி நேரம் ஊறிய பயறுகளைக் கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே செருகுங்கள். காகிதம் நனையும் அளவு தண்ணீர் விடுங்கள். அடியில் தேங்கினால் சாய்த்துக் கொட்டிவிடுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் ஒரு பக்கத்தில் படம் வரையுங்கள். வேரின் நீளத்தை அளவுகோலால் அளந்து, எத்தனை மில்லிமீட்டர் என்று படத்துக்குக் கீழே எழுதுங்கள். வேர் இரண்டு சென்டிமீட்டர் ஆனதும் டம்ளரைப் படுக்கவைத்துவிடுங்கள். வேர் எந்தப் பக்கம் போகும் என்று நினைக்கிறீர்கள்? பார்ப்பதற்கு முன்பே உங்கள் ஊகத்தை எழுதிவையுங்கள். அடுத்த நாள் பாருங்கள், நுனி வளைந்து மறுபடி கீழ்நோக்கி இறங்கத் தொடங்கியிருக்கும். வேரின் நுனியில் தொப்பியாகக் கவிந்திருக்கும் பகுதியில் மாவுச்சத்து மணிகள் உள்ளன. டம்ளரைச் சாய்த்தால் அவை புதிய கீழ்ப்பக்கத்துக்கு நகர்ந்துவிடும். அதை வைத்துத்தான் எது கீழே என்று வேர் கண்டுகொள்கிறது. 1806-இல் இங்கிலாந்தில் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்பவர், ஓடும் நீரால் சுழலும் சக்கரத்தில் அவரை விதைகளைக் கட்டிச் சுழலவிட்டு, வேர்கள் சக்கரத்தின் வெளிப்பக்கம் நோக்கி வளர்வதைக் கண்டார். வேரின் திசையைத் தீர்மானிப்பது புவியீர்ப்பு போன்ற ஒரு விசைதான் என்று அதிலிருந்து தெரிந்தது.

இன்னொரு டம்ளரையும் அதே மாதிரி தயார் செய்து இருட்டான அலமாரியில் வையுங்கள். இரண்டிலும் பயறின் எண்ணிக்கை, தண்ணீர், தொடங்கிய நாள் எல்லாம் ஒன்றாகவே இருக்க வேண்டும். வெளிச்சம் மட்டும்தான் மாறலாம். அப்போதுதான் தெரிகிற வித்தியாசத்துக்கு வெளிச்சமே காரணம் என்று சொல்ல முடியும். இருட்டில் வளர்ந்தது வெளுத்து, ஒல்லியாக, உயரமாக நிற்கும். வெளிச்சத்தைத் தேடிக் கட்டுச்சோறு முழுவதையும் உயரத்திலேயே செலவழித்துவிட்டது!

ஒரு வாரம் ஆனதும் நாற்றை டம்ளரிலிருந்து தொட்டிக்கோ, வாசல் ஓரத்து மண்ணுக்கோ மாற்றி, படம் வரைவதைத் தொடருங்கள். பூ விட்ட நாள், காய் பிடித்த நாள் எல்லாவற்றுக்கும் பக்கம் ஒதுக்குங்கள். சமைத்துச் சாப்பிடும்வரை தொடர்ந்தால், ஒரு கைப்பிடிக் காய்க்கு எத்தனை நாள் வெயிலும் எத்தனை குவளைத் தண்ணீரும் தேவைப்பட்டன என்று யார் கேட்டாலும் சொல்ல உங்களிடம் கணக்கு இருக்கும். ஏதாவது ஒரு பயறு முளைக்காமல் போனால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். முளைக்கவில்லை என்று தேதி போட்டு எழுதுங்கள், என்ன காரணமாக இருக்கும் என்று பக்கத்திலேயே ஒரு ஊகம் எழுதுங்கள், அடுத்த டம்ளரில் அதைச் சோதித்துப் பாருங்கள்.